பர்மா ராணுவத்தை நெருக்க டெல்லியிடம் எதைக் கேட்பது? மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

மதுரையில் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் நாங்கள் எங்கள் எம்.பி.யிடம் ஒரு மனு கொடுக்க வேண்டும். பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பறித்துக்கொண்ட ராணுவம் தன் மக்களையே வேட்டையாடுகிறது, இந்தியா ஏதாவது செய்ய வேண்டும் என்பது மனுவின் சாரம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஏதாவது என்ன என்பதில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் கழிகின்றன. பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் ஃபைலுக்குள் தூங்கும், ஒன்றே ஒன்று வைத்தால் அதற்காவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று எங்களில் மூத்த வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது அதற்கான என் கணக்கு. நான் ஒரு வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பணம் எந்த வழியாகப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தச் சாய்வு கட்டுரை நெடுகத் தெரியும்.

பர்மா எங்களுக்குத் தூரத்து நாடு இல்லை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடை கண்ணி எல்லாவற்றையும் அரசுடைமையாக்கினார். 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தார். அந்த ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரங்கூனில் பிறந்து, சிறு பையனாகக் கப்பலேறி வந்தவர். ராணுவம் நாட்டை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது நடப்பது அதைவிட மோசம். தாய்லாந்திலிருந்து இயங்கும் அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் பெயர் பெயராகச் சரிபார்த்த கணக்கிலேயே ராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள் 6,000-த்தைத் தாண்டிவிட்டார்கள். 2022 ஜூலையில் நான்கு ஜனநாயகப் போராளிகளைத் தூக்கிலிட்டார்கள். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பசிஜி என்ற கிராமத்தில் கூடியிருந்த கூட்டத்தின்மீது விமானத்திலிருந்து குண்டு போட்டதில் 160-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. ஆங் சான் சூச்சியின் கட்சியைக் கலைத்துவிட்டு, 2025 டிசம்பரில் தேர்தல் என்று ஒன்றையும் தொடங்கினார்கள். இதற்கு முன்னால் 2017-இல் ரோஹிங்கியாக்கள் 7 லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டதும் இதே ராணுவத்தின் கைங்கரியம்தான்.

பூராத்தையும் நிறுத்துவது

பெரியவரின் கட்சி இது. ஒரு பைசா வியாபாரம் கூடாது, ஒரு கப்பல் போகக் கூடாது. எங்கள் கூட்டத்துப் பேராசிரியரும் அவர் பக்கம். அவர் கையில் எப்போதும் தென்னாப்பிரிக்கா இருக்கும். நிறவெறி ஆட்சியோடு வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. அதுவும் 1946-இல், விடுதலைக்கு முந்தைய ஆண்டே. 1977-இல் ஐ.நா. ஆயுதத் தடை வந்தது, 1985-இல் அமெரிக்க வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்ததும் ராண்ட் மதிப்பு சரிந்தது, 1990-இல் மண்டேலா வெளியே வந்தார். இன்னொருவர் 1921-இல் மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறியதையும் அந்நியத் துணி மறுப்பையும் இழுத்து வருவார். மதுரையில் எந்தக் கூட்டம் போட்டாலும் இது வராமல் இருக்காது. ஆனால் அது ஆளப்பட்டவர்கள் தங்களை ஆண்டவர்களுக்கு எதிராகச் செய்த மறுப்பு. இங்கே நாம் அடுத்த நாட்டுக்காரர்கள். நம் மறுப்பின் விலையை யார் கொடுப்பார் என்ற கேள்வி தனியாக இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் அது ஏன் பலித்தது? அங்கே ஓட்டுப் போடும் வெள்ளையர் கூட்டம் ஒன்று இருந்தது. வங்கிக் கடன், வெளிநாட்டுச் சந்தை, கிரிக்கெட் மேட்ச் வரை எல்லாம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வலித்தால் ஆட்சியைக் கேட்கும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். பர்மா ராணுவத்துக்கு அப்படி யாரிடமும் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. பர்மாவிலேயே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. 1988 கிளர்ச்சியை நசுக்கி, 1990 தேர்தல் முடிவைக் குப்பையில் போட்டபின், 1997-இல் அமெரிக்கா புதிய முதலீட்டைத் தடுத்தது. 2003-இல் பர்மாவிலிருந்து இறக்குமதியையே நிறுத்தியது. ரங்கூனைச் சுற்றியிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மூடின. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது, பெரும்பாலும் இளம்பெண்கள். அதே காலத்தில் ராணுவம் என்ன செய்தது? தாய்லாந்துக்கு எரிவாயு விற்றது. அந்தக் காசு வந்துகொண்டிருக்கும்போதே நேப்பிடாவில் புதிய தலைநகரமே கட்டியது. தளபதிகளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், 2011-க்குப்பின் அவர்கள் கொஞ்சம் கதவைத் திறந்ததற்குத் தடைகளும் சீனாவை மட்டுமே நம்பியிருந்த எரிச்சலும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. திறந்த கதவின் பூட்டும் அவர்கள் கையிலேயே இருந்தது: 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் கால்பங்கு இடம் ராணுவத்துக்கு.

இலங்கைக் கதையும் நமக்குத் தெரியும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையை நிறுத்தியது. அடி விழுந்தது ஆடைத் தொழிலுக்கு. கொழும்பில் இருந்தவர்கள் அசையவில்லை. 2015-இல் ஆட்சி மாறியது அங்கே ஓட்டுப் போட்டவர்களால்.

இனி உளுந்துக்கு வருகிறேன். இந்தியாவின் உளுந்து இறக்குமதியில் மிகப் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி எங்கள் கூட்டத்தில் உண்டு. பேச்சு முற்றியபோது என்னைக் கடைக்கு அழைத்துப் போய் இரண்டு சாம்பிள் பொட்டலங்களைத் தட்டில் கொட்டிக் காட்டினார். ஒன்று எஸ்.க்யூ. என்ற உயர்தரம், இன்னொன்று எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரம். எஸ்.க்யூ. மணி பருத்து ஒரே சீராக இருந்தது. மற்றது பொடிசும் பெரிசும் கலந்தது. ஒரு மணியைப் பல்லால் கடித்து உடைத்து உள்ளே வெள்ளையைக் காட்டினார். "இதுதான் சார் மாவு காணும். இட்லிக்கும் அப்பளத்துக்கும் இதைத்தான் கேப்பாங்க. இதை நிறுத்துனா ஜெனரல் வீட்டுல உலை கொதிக்காமப் போயிருமா? மகுவேயிலயும் பகோவுலயும் வெள்ளாமை பண்றவன் போவான். இங்க ஜெய்ஹிந்துபுரத்துல அப்பளம் தேய்க்கிற பொம்பளைங்களுக்குக் கூலி போகும்." துவரையிலும் இதே கதை, பர்மா லெமன் துவரை வரவு குறைந்தால் சாம்பார் விலை தெரியும்.

அண்ணாச்சிக்கு இதில் ஆதாயம் இருக்கிறது, அதை அவர் மறைப்பதும் இல்லை. அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது. உளுந்து விளைவிப்பது ராணுவம் இல்லை, குடியானவர்கள். ஆனால் அவர் சொல்வது முழு உண்மையும் இல்லை. 2022 ஏப்ரலில் பர்மாவின் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது. ஏற்றுமதி செய்து டாலர் வாங்கினால், அதை அரசு சொல்லும் விலைக்குக் கியாட்டாக மாற்றிவிட வேண்டும். ஒரு டாலருக்கு அரசு விலை முதலில் 1,850 கியாட், பிறகு 2,100. வெளிச்சந்தை விலை 2024-இல் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. பிறகு ஏற்றுமதியாளர் ஒரு பங்கைத் தானே வைத்துக்கொள்ள விட்டார்கள், அந்தப் பங்கும் மாறிக்கொண்டே இருந்தது. வித்தியாசம் யார் பைக்குப் போகிறது என்று செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தவனுக்குக் கேட்காமலே புரியும். ஆக, உளுந்திலும் ராணுவத்துக்குக் கப்பம் உண்டு.

இருந்தாலும் முழுத்தடை கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கப்பம் வாங்குபவனை அடிக்க, கப்பம் கட்டுபவனைப் பட்டினி போடுவதாக அது முடியும். நடைமுறையிலும் டெல்லி இதைக் காதில் வாங்காது. ஆட்சி பறிக்கப்பட்ட அதே 2021-இல், ஜூன் மாதம், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்க இந்தியா பர்மாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. பருப்பு விலை ஏறினால் தேர்தலில் என்ன ஆகும் என்று டெல்லிக்குத் தெரியும்.

ராணுவக் கம்பெனிகளை மட்டும் குறிவைப்பது

இளைய வழக்கறிஞரின் யோசனை இது, முதல் பார்வைக்கு எனக்கும் பிடித்தது. பர்மா ராணுவம் ஒரு பெரிய வியாபாரக் குடும்பமும்கூட. எம்.இ.ஹெச்.எல்., எம்.இ.சி. என்று இரண்டு குழுமங்கள். பீர், சிகரெட், வங்கி, சுரங்கம், துறைமுகம், நிலம் வரை அவற்றின் கை உண்டு. 2019-இல் ஐ.நா. உண்மையறியும் குழு இந்த வலையை வரைந்து வெளியிட்டது. 2021 மார்ச்சில் அமெரிக்கா இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த மாதம் தேக்கு விற்கும் அரசு நிறுவனத்தையும் சேர்த்தது. ஜப்பானின் கிரின் பீர் கம்பெனி கூட்டை முறித்துக்கொண்டது. 2022 ஜனவரியில் பிரான்சின் டோட்டல், அமெரிக்காவின் செவ்ரான் இரண்டும் எரிவாயுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தன.

நம் ஊர் உதாரணமும் உண்டு. அதானி துறைமுக நிறுவனம் ரங்கூனில் எம்.இ.சி. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சரக்குப் பெட்டக முனையம் கட்டியது. தடை வந்ததும் விற்க முடிவு செய்தது. முதலில் 26 கோடி டாலர் என்று பேசினார்கள்; 2023 மே மாதம் கைமாறியது 3 கோடி டாலருக்கு. இதை எந்த எம்.பி.யும் நாடாளுமன்றத்தில் கேட்டு நடக்கவில்லை, இந்திய அரசு உத்தரவு போட்டும் நடக்கவில்லை. அமெரிக்கப் பட்டியலின் பயம் போதுமானதாக இருந்தது.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. இந்தியா ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் தடைகளை அமல்படுத்துமே தவிர, அமெரிக்காவைப் போலத் தனியாகத் தடைப் பட்டியல் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இப்போது இல்லை. பாதுகாப்பு அவையில் சீனாவும் ரஷ்யாவும் இருக்கும்வரை ஐ.நா. பட்டியலும் வராது. ஆக, இல்லாத ஒரு சட்டத்தை முதலில் இயற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பட்டியல் போட்டவர்களே பெயரை அழிக்கவும் செய்வார்கள். 2025 ஜூலையில் ராணுவத்துக்கு நெருக்கமான சிலரையும் அவர்கள் கம்பெனிகளையும் அமெரிக்கா தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எரிவாயுவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உண்மையான பெரிய காசு அதில்தான். தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் குழாயில் போகும் எரிவாயுவிலிருந்து அந்த அரசுக்கு வேறெந்த ஏற்றுமதியையும்விட அதிக டாலர் வருகிறது. சீனாவுக்குப் போகும் ஷ்வே வயலில் நம் பொதுத்துறையான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 17 சதவீதமும் கெயிலுக்கு 8.5 சதவீதமும் பங்கு உண்டு. அந்தப் பங்கை விற்கச் சொல்லலாமே என்று வழக்கறிஞர் கேட்டார். விற்றால் வாங்குவது அநேகமாக ஒரு சீனக் கம்பெனியாக இருக்கும். குழாயில் ஓடும் எரிவாயு ஒரு கன அடிகூடக் குறையாது. பங்கை வைத்துக்கொண்டே பர்மா அரசுக்குப் போகும் தொகையை ஒரு தனிக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒப்பந்தத்தில் சிறு பங்காளியான இந்தியா தனியாக அதைச் செய்ய முடியாது.

தேக்கு மட்டும் வேறு மாதிரி. அது அரசு ஏகபோகம், ஏலத்தில் விழும் காசு நேராக ஆட்சியாளர்களிடம் போகிறது. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பர்மா தேக்கு என்றால் ஒரு மயக்கம், புது வீட்டுக்குத் தலைவாசல் கேட்டு மரக்கடையில் நிற்கும்போது அந்தப் பெயரைச் சொன்னாலே விலை ஏறும். இதை நிறுத்த டெல்லி வேண்டாம். வாங்காமல் இருந்தால் போதும். நாட்டுத் தேக்கில் கதவு செய்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அது மனுவில் எழுதும் விஷயம் இல்லை.

ஆயுதத்தையும் விமான எரிபொருளையும் அடைப்பது

கடைசியில் நான் வந்து நிற்கும் இடம் இது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

2023 மே மாதம், பர்மாவுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப்பின் அந்த ராணுவம் குறைந்தது 100 கோடி டாலருக்கு ஆயுதமும் உதிரிபாகமும் மூலப்பொருளும் வாங்கியிருக்கிறது. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி. நான்காவது இடத்தில் இந்தியா, 5.1 கோடி டாலர். அரசு நிறுவனங்களும் தனியாரும் சேர்ந்த கணக்கு. ஐந்தாவது தாய்லாந்து, 2.8 கோடி.

சிங்கப்பூர் அரசு இதைப் படித்துவிட்டு விசாரணை வைத்தது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கையைப் பார்த்தபோது, சிங்கப்பூரில் பதிவான கம்பெனிகள் வழியாகப் போன சரக்கு சுமார் 90 சதவீதம் விழுந்திருந்தது. வங்கிகள் வழியாக அந்த ராணுவம் செய்த மொத்தக் கொள்முதலே 37.7 கோடி டாலரிலிருந்து 25.3 கோடிக்கு இறங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைவு! ஐ.நா. தீர்மானம் இல்லை, போர்க்கப்பல் இல்லை, எந்த விவசாயியும் பட்டினி கிடக்கவில்லை. ஒரு சின்ன நாட்டின் அதிகாரிகள் தங்கள் ஊர்க் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். வங்கியில் இருந்தவனுக்கு இதைப் படிக்கும்போது வரும் சந்தோஷம் மற்றவர்களுக்கு வருமா தெரியாது.

அதே அறிக்கை மறுபக்கத்தையும் காட்டியது. சிங்கப்பூர் அடைத்த ஓட்டையில் ஒரு பகுதியைத் தாய்லாந்து வங்கிகள் திறந்தன. அவற்றின் வழியாகப் போன தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. விமான எரிபொருளிலும் இதே ஓட்டம்தான். 2022 நவம்பரில் அம்னெஸ்டி அதன் வழித்தடத்தை அம்பலப்படுத்தியது, 2023 ஆகஸ்டில் அமெரிக்கா எரிபொருள் விற்பவர்களையும் தடை வட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்புறம் கப்பல்கள் நேராக வராமல் வியட்நாமில் இறக்கி ஏற்றிக் கைமாறி வர ஆரம்பித்தன. செலவு கூடியது, நாள் கூடியது, நிற்கவில்லை. ஆனால் பசிஜிமீது குண்டு போட்ட விமானம் எரிபொருள் இல்லாமல் பறக்காது, உதிரிபாகம் இல்லாமல் ஓடுபாதையில் நிற்கும். உளுந்துக்கும் கொலைக்கும் நடுவில் எத்தனையோ கை மாறுகிறது. எரிபொருளுக்கும் கொலைக்கும் நடுவில் ஒரு விமானிதான் இருக்கிறான்.

இந்தியா என்ன செய்ய முடியும் என்பதில் இதற்குச் சட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆயுதமும் ராணுவப் பயன்பாட்டுக்கு உதவும் பொருள்களும் ‘ஸ்கோமெட்’ என்ற பட்டியலில் உள்ளன. அதில் உள்ள எதை ஏற்றுமதி செய்யவும் அரசின் அனுமதி வேண்டும். ஆயுதப் பிரிவுக்கு அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கை போட்டால் போதும், நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2024 தொடக்கத்தில் பருப்புக்கான பணத்தை ரூபாயிலேயே செலுத்த பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ஏற்பாடு செய்தார்கள். அப்படிச் சேரும் ரூபாய்க்கு இந்தியாவில் வாங்கினால்தான் முழு உபயோகம். அந்தப் பணத்தில் மருந்து போகிறதா ரேடார் பாகம் போகிறதா என்று பார்க்கும் இடம் நம் சுங்கத்துறை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எங்கள் கூட்டத்திலேயே அழுத்தமாகச் சொன்னார்கள்: நாம் விட்டால் சீனாக்காரன் வருவான். மணிப்பூர், நாகாலாந்து எல்லையில் இந்தியாவுக்கு எதிரான ஆயுதக் குழுக்களை அந்த ராணுவம் கட்டுப்படுத்த வேண்டும், மிசோரமை பர்மாவின் துறைமுகத்தோடு இணைக்கும் கலடான் நீர்வழி சாலைத் திட்டம் முடிய வேண்டும், இதையெல்லாம் விட்டுவிட்டுத் தர்மம் பேச முடியுமா? இதில் பாதி நியாயம். ஆனால் 5.1 கோடி டாலர் என்பது ரஷ்யாவும் சீனாவும் கொடுப்பதற்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதைக் கொடுத்து நாம் அங்கே வாங்கும் செல்வாக்கு எவ்வளவு? எல்லையை ஒட்டிய சின், அதற்குத் தெற்கே உள்ள ரகைன் பகுதிகளில் பெரும்பாலான இடம் 2024-க்குள் எதிர்ப்புப் படைகளின் கைக்குப் போய்விட்டது. கலடான் சாலை போகும் பலேத்வாவை 2024 ஜனவரியில் அரக்கான் படை பிடித்தது. நாம் யாருக்கு உதிரிபாகம் விற்கிறோமோ அவர்கள் கையில் அந்தச் சாலையே இல்லை.

சின்னத் தொகை என்றால் நிறுத்தி என்ன பயன் என்று கேட்கலாம். விற்ற பட்டியலில் நம் பெயர் இருக்கும்வரை தாய்லாந்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நமக்கு வாய் வராது. 2021 ஜூன் 18 அன்று ஆயுத ஓட்டத்தைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன, பெலாரஸ் மட்டும் எதிர்த்தது, 36 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியதில் இந்தியாவும் ஒன்று.

வழக்கு, பேச்சு, தீர்மானம்

நீதிமன்ற வழியை வழக்கறிஞர்கள் விரும்புவது இயற்கை. மதுரையில் 1995 முதல் இயங்கும் மக்கள் கண்காணிப்பகத்தின் பழக்கத்தால் உண்மையறியும் குழு, சாட்சியம், ஆவணம் என்பதெல்லாம் இந்த ஊர் வழக்கறிஞர்களுக்குப் புதிதில்லை. 2019 நவம்பரில் காம்பியா என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடு ரோஹிங்கியா இனப்படுகொலைக்காக பர்மாவை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. மதுரை மாவட்டத்தைவிட மக்கள்தொகை குறைந்த நாடு. அதன் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாடு முன்பு ருவாண்டா இனப்படுகொலைத் தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். முகாம்களில் கேட்ட கதை அவருக்கு ருவாண்டாவை நினைவூட்டியது. 2020 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் ராணுவத்துக்காக ஹேக் வரை போய் வாதாடியவர் ஆங் சான் சூச்சி. பதினான்கு மாதத்தில் அதே ராணுவம் அவரைச் சிறைவைத்தது.

2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர், ஆட்சியைப் பறித்த ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் லைங்குக்குப் பிடியாணை கேட்டார். அர்ஜென்டினா நீதிமன்றம் ஒன்று 2025 பிப்ரவரியில் பிடியாணையே பிறப்பித்தது. இவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தியா குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை. டெல்லியிடம் இதைக் கேட்டு மனு எழுதினால் அதை எந்த மேசைக்கு அனுப்புவது என்றே தெரியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கத் தோன்றுகிறது, அதிகம் பேசப்படாத ஒன்று. கட்டாய உழைப்புக்காக 2000-இல் அது தன் சாசனத்தின் 33-ஆம் பிரிவை வரலாற்றில் முதல் முறையாக பர்மாமீது எடுத்தது. விடாமல் நெருக்கியதில் 2007-இல் கட்டாய வேலை வாங்கப்பட்டவர் நேரில் புகார் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ராணுவ ஆட்சி நடக்கும்போதே வந்தது. சின்ன வெற்றி. ஆனால் ஒரே ஒரு கொடுமையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் இழுத்ததால் கிடைத்தது.

பேச்சுவார்த்தை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆசியான் நாடுகள் ஐந்து அம்ச உடன்பாடு போட்டன. மின் ஆங் லைங்கும் அங்கே உட்கார்ந்து தலையாட்டினார். முதல் அம்சம், வன்முறையை உடனே நிறுத்துவது. இதற்குமேல் எழுதத் தேவையில்லை. இந்தியப் பிரதமரும் 2025-இல் இரண்டு முறை அவரைச் சந்தித்தார், பாங்காக்கிலும் தியான்ஜினிலும். 2025 மார்ச்சில் பர்மாவில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியா அனுப்பிய மருத்துவ உதவி உயிர் காத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

சட்டமன்றத் தீர்மானம் ஒன்று கொண்டுவரலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. 2013-இல் இலங்கைக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மாணவர்கள் தெருவில் இருந்தார்கள், அந்தச் சூடு டெல்லி வரை போனது உண்மை. பர்மாவுக்கு அந்தச் சூடு இங்கே இல்லை. சூடில்லாத தீர்மானம் அவைக் குறிப்போடு நின்றுவிடும்.

மனுவின் இப்போதைய வடிவம்

மிசோரமை மட்டும் ஒதுக்கி வைக்க முடியவில்லை. 2021 மார்ச்சில் பர்மாவிலிருந்து ஓடி வருபவர்களை எல்லையில் தடுத்து நிறுத்துங்கள் என்று உள்துறையிலிருந்து கடிதம் போனபோது, அன்றைய முதல்வர் சோரம்தங்கா முடியாது என்று சொல்லிவிட்டார். சின் மக்கள் மிசோக்களுக்கு ரத்த உறவு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் ஆனையூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்களைப் பார்த்துப் பழகிய மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் எல்லாம் அந்தந்த நேரத்து அரசின் மனசைப் பொறுத்தது. ஓடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று கேட்பது ராணுவத்தின்மீது அழுத்தம் ஆகாது, ஆனால் உயிர் காக்கும். பெரியவர் இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஒரே கோரிக்கை என்ற விதியை இதற்காக வழக்கறிஞர் தளர்த்தினார். கோரிக்கை ஒன்று, வேண்டுகோள் ஒன்று என்று பிரித்து எழுதலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி.

ஆக, கோரிக்கை இப்படிப் போகிறது: பர்மா ராணுவத்துக்கோ அதன் கம்பெனிகளுக்கோ இடைத்தரகருக்கோ போகும் ஆயுதம், உதிரிபாகம், விமான எரிபொருள் ஏற்றுமதிக்கு அனுமதி தரக் கூடாது, ஏற்கெனவே தந்த அனுமதிகளை நாடாளுமன்றத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம். அனுமதி தரக் கூடாது என்பதற்குப் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் எழுதிவிடலாம். எத்தனை அனுமதி, எந்தெந்த ஆண்டு என்று எம்.பி. எழுத்துபூர்வமாகக் கேள்வி போட்டால், எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல மறுப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பருப்பு வகைகள், மருந்து, உணவு இதில் அடங்காது. பெரியவர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. அதற்குப் பதிலாக அண்ணாச்சியின் சங்கத்தில் பத்துப் பேரிடமாவது கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வியாபாரிகள் கையெழுத்து இருந்தால் எம்.பி. மனுவைத் தானே படிப்பார் என்பது அவர் கணிப்பு. அண்ணாச்சி, "பார்க்கிறேன் ஐயா" என்றிருக்கிறார்.